சிம்சன்ஸ்: சரிவு எந்த ஆண்டில், யாரால்?

செக்காலைக்காரன்:

‘தி சிம்சன்ஸ்’ கேலிச்சித்திரத் தொடரின் தரம் வீழ்ந்துவிட்டது என்பதில் இங்கே எவருக்கும் ஐயம் இருக்காது என்று நம்புகிறேன். எப்போது வீழ்ந்தது, எதனால் வீழ்ந்தது என்பவைதான் பேசத் தக்கவை. 1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அரை மணி நேரத் தொடராகத் தொடங்கிய இது, 2025இல் செய்யப்பட்ட ஒப்பந்த நீட்டிப்பின்படி நாற்பதாவது சீசன் வரை ஓட இருக்கிறது. காரைக்குடியில் என் வயதை ஒத்தவர்கள் இதை ஸ்டார் வேர்ல்டில் பார்த்தோம், நம் பிள்ளைகள் ஹாட்ஸ்டாரில் பார்க்கிறார்கள். அவர்கள் முப்பதாவது சீசனை முதலில் பார்த்துவிட்டு, “இதையா அப்பச்சி இத்தனை நாளாகப் புகழ்ந்தீர்கள்?” என்று கேட்கும்போது எனக்கு விடை சொல்ல முடிவதில்லை.

எழுத்தாளர்கள் களைத்துவிட்டார்கள், சரக்குத் தீர்ந்துவிட்டது என்ற வழக்கமான விளக்கத்தை நான் ஏற்கவில்லை. சிரிப்பு இப்போதும் வருகிறது. போனது வேறொன்று: கதையில் நடப்பவற்றுக்கு மாந்தர்கள் ஏதேனும் விலை கொடுத்தாக வேண்டும் என்ற விதி போய்விட்டது.

1995 ஜனவரியில் வந்த ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவன் ஹோமர் தனக்குப் பிடித்த வேலையான பௌலிங் கூடத்து வேலைக்காக அணுமின் நிலையத்தை உதறிவிட்டுப் போகிறான். மனைவி மார்ஜ் மூன்றாவது குழந்தையைச் சுமக்கிறாள் என்று தெரிந்ததும் வருமானம் போதாமல் பழைய முதலாளியிடமே திரும்பி வருகிறான். ‘நீ என்றென்றைக்கும் இங்கேதான் என்பதை மறந்துவிடாதே’ என்று எழுதிய பலகையை முதலாளி பர்ன்ஸ் அவன் மேசைக்கு எதிரே அறைந்து வைக்கிறார். பிறந்த குழந்தை மேகியின் படங்களை ஹோமர் அந்த எழுத்துகளின் மேல் ஒட்டி, எஞ்சிய எழுத்துகள் ‘அவளுக்காகச் செய்’ என்று படிக்கும்படி ஆக்கிவிடுகிறான். வீட்டுப் படத்தொகுப்பில் மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று பிள்ளைகள் கேட்டதற்கு அதுதான் விடை. ஒரு மனிதன் தன் விருப்பத்தை இழந்தான், அந்த இழப்பை ஒரு பொருளுடையதாக மாற்றிக்கொண்டான். இதை 22 நிமிடத்தில், நடுவில் மூச்சுவிடாமல் சிரிக்கவைத்துக்கொண்டே சொன்னார்கள்.

இதற்கு எதிர்முனையில் 2000 பிப்ரவரியை வையுங்கள். அந்த மாதம் 6ஆம் தேதி வந்த பகுதியில் குதிரைப் பந்தய ஓட்டிகள் எல்லாரும் நிலத்துக்கு அடியில் வாழும் குள்ளப் பூதங்கள் என்று தெரியவருகிறது. 13ஆம் தேதி வந்ததில், பார்வையாளர் மேல் துப்பாக்கியால் எறியப்பட்ட டி-ஷர்ட்டுகள் பட்டு, பக்கத்து வீட்டு மோட் ஃப்ளாண்டர்ஸ் அரங்கின் உச்சியிலிருந்து விழுந்து இறக்கிறாள். ஹோமர் குனிந்ததால் அவை அவள் மேல் பட்டன. ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தவனும் அவனே. அவனுக்கு இதனால் நேர்ந்தது ஒன்றுமில்லை. முதல் எட்டு சீசன்களின் ஹோமர் அறிவு குறைந்தவன். அதற்குப் பின் வந்தவன் ஈரம் குறைந்தவன். முன்னவனுக்காக நான் கவலைப்பட்டேன், பின்னவன் எதில் விழுந்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

1997ஐ எல்லைக்கோடாக வைக்கிறேன், அந்த ஆண்டு மைக் ஸ்கல்லி தொடரை நடத்தும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறுப்பவர்கள் சான்றுடன் வரலாம்.

பள்ளத்தூர் உமையாள்:

செக்காலை அண்ணனுக்கு வணக்கம். தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள், வந்துவிட்டேன்.

முதலில் எல்லைக்கோட்டைப் பார்ப்போம். 1997ஐச் சொல்பவர்கள் எல்லாரும் அந்த ஆண்டு செப்டம்பர் 28இல் வந்த பகுதியைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே அல்லர், வேறொருவரின் பெயரைச் சுமந்து வாழ்ந்தவர் என்று அதில் வெளிப்படுகிறது. ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே வெளிப்படையாகக் கண்டித்த பகுதி அது. ஆனால் அது ஸ்கல்லியின் பொறுப்பில் உருவானதன்று. ஏழாவது, எட்டாவது சீசன்களை நடத்திய பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டைனும் தயாரித்து, அடுத்த சீசனில் ஒளிபரப்பானது. உங்கள் பொற்காலத்தின் கைதான் அந்தப் பாவத்தைச் செய்தது.

இரண்டாவது, நம்பத்தகாத நிகழ்ச்சி என்ற குற்றச்சாட்டு. 1993 ஜனவரியில் வந்த மோனோரயில் பகுதி உங்கள் எட்டு சீசன்களுக்குள்தான் வருகிறது, கோனன் ஓ’பிரையன் எழுதியது. ஒரு மோசடிக்காரன் பாட்டுப் பாடி ஊரையே மயக்குகிறான், ஓடும் ரயிலை ஹோமர் ஒரு பெரிய டோனட் சிலையில் நங்கூரத்தை மாட்டி நிறுத்துகிறான், ‘ஸ்டார் ட்ரெக்’ நடிகர் லியனார்டு நிமாய் விருந்தினராக வந்து காற்றில் கரைந்து மறைகிறார். இதை உச்சம் என்று கொண்டாடிவிட்டு, குள்ளப் பூதங்களைக் கண்டதும் முகம் சுளிப்பது எந்த நியாயம்?

மூன்றாவது, விலை கொடுத்தல். மோட் 2000இல் இறந்தாள், உயிரோடு திரும்பி வரவில்லை. நெட் ஃப்ளாண்டர்ஸ் இரண்டு தாயற்ற பிள்ளைகளோடு பல ஆண்டுகள் இருந்தான், பிறகு ஆசிரியை எட்னாவை மணந்தான், எட்னாவின் குரலான மார்சியா வாலஸ் 2013இல் காலமானதும் அவளையும் இழந்தான். எந்த ஒரு கேலிச்சித்திரத் தொடரில் ஒரு துணைப் பாத்திரம் இத்தனை விலை கொடுத்திருக்கிறது? இதெல்லாம் நீங்கள் ‘விதி போய்விட்டது’ என்று சொல்லும் காலத்தில் நடந்தவை.

கடைசியாக ஒன்று. 2021 முதல் தொடரின் பெரும்பகுதியை மேட் செல்மன் நடத்துகிறார். அவர் காலத்துப் பகுதிகளில் எத்தனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மேலே பேசலாம்.

தேவகோட்டை ரஸ்தா:

1997 பிப்ரவரியில் வந்த பகுதியில் இந்த விவாதத்துக்கே தொடர் விடை சொல்லிவிட்டது. அன்றைக்கு அது 167ஆவது பகுதியை எட்டி, ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற பழைய கேலிச்சித்திரத் தொடரின் எண்ணிக்கையைக் கடந்தது. காமிக்ஸ் கடைக்காரர் “இதுவரை வந்ததிலேயே மோசமான பகுதி” என்று அலுத்துக்கொள்கிறார். ஆயிரக்கணக்கான மணி நேரம் காசு வாங்காமல் மகிழ்வித்தவர்கள் உங்களுக்கு இன்னும் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஹோமரின் மகன் பார்ட் கேட்கிறான். செக்காலை அண்ணன் அந்தக் கடைக்காரராக மாறி நெடுநாள் ஆகிறது என்பது என் தாழ்மையான கருத்து.

செக்காலைக்காரன்:

ரஸ்தா தம்பிக்கு முதலில். விளம்பரத்துக்கு நடுவே காட்டப்பட்டதைக் காசு வாங்காமல் காட்டியதாகச் சொல்வது பார்ட்டுக்குப் பொருந்தும், பத்து வயதுப் பையன். நமக்குப் பொருந்தாது.

உமையாள் ஆச்சி, ஸ்கின்னர் பகுதியை யார் தயாரித்தார்கள் என்பதை நான் அறிவேன், என் பதிவில் அதை நான் சான்றாக வைக்கவும் இல்லை. அதைக் காட்டிலும் முக்கியமான ஒன்று அதற்கு ஏறத்தாழ ஐந்து மாதம் முன்பு, 1997 மே 4 அன்று வந்தது. ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற மனிதர் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறார். வாழ்நாள் முழுவதும் உழைத்தும் இரண்டு பௌலிங் கூடங்களுக்கு இடையே, ஒன்றுக்கு மேலேயும் மற்றொன்றுக்குக் கீழேயும், ஓர் அறையில் குடியிருப்பவர். ஹோமரின் இரண்டு மாடி வீட்டையும் அவன் வாழ்வையும் காண அவருக்குப் பொறுக்கவில்லை. ஹோமரைப் போலவே பொறுப்பில்லாமல் நடந்து காட்டுகிறேன் என்று மின்கம்பியைத் தொட்டு இறக்கிறார். அவரை அடக்கம் செய்யும் வேளையில் ஹோமர் தூங்கி வழிய, ஊரே சிரிக்கிறது. ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் எழுதியது. 59 பகுதிகள் எழுதிய அவரைப்போல இத்தொடருக்கு மிகுதியாக எழுதியவர் வேறு எவரும் இல்லை.

என் கருத்தில் அது ஒரு தன்னொப்புதல். ஹோமர் செய்யும் எதற்கும் அவன் விலை கொடுக்கப்போவதில்லை, அதை நாங்கள் அறிவோம், எங்கள் உலகத்துக்குள் ஓர் உண்மையான மனிதன் வந்தால் அவன்தான் சாவான் என்று எழுத்தாளர்களே எழுதிவைத்துவிட்டார்கள். ஒருமுறை சொன்னால் அது துணிவு. அதன்பிறகு அதையே நடைமுறையாக்கிக்கொண்டதைச் சரிவு என்கிறேன். மோட் இறந்ததன் விலையை ஃப்ளாண்டர்ஸ் கொடுத்தான் என்பது சரி, ஹோமர் கொடுத்தானா? நான் கேட்டது அதைத்தான்.

கோட்டையூர் ஐயா:

இளையவர்கள் இருவரும் எழுத்தாளர்களின் பெயர்களையே சுற்றி வருகிறீர்கள். அந்த வழியில் போனால் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. அல் ஜீன் என்பவர் மைக் ரைஸுடன் சேர்ந்து மூன்றாவது, நான்காவது சீசன்களை நடத்தினார். செக்காலையார் போற்றும் காலத்தின் நடுப்பகுதி அது. அதே அல் ஜீன்தான் 2001இல் தொடங்கிய பதின்மூன்றாவது சீசனிலிருந்து பல ஆண்டுகள் தொடரைத் தனியே நடத்தினார். செக்காலையார் சலிக்கும் காலத்தின் நடுப்பகுதி அது. ஒரே கை இரண்டையும் செய்திருக்கிறது என்றால் காரணத்தைக் கைக்கு வெளியே தேட வேண்டாமா?

நான் தேடியதைச் சொல்கிறேன். இத்தொடர் ஒன்றைக் கேலி செய்வதற்காகப் பிறந்தது. நல்ல தந்தை, நல்ல தாய், அரை மணி நேரத்தில் தீரும் வீட்டுச் சிக்கல், முடிவில் அணைப்பு என்றிருந்த அமெரிக்கக் குடும்பத் தொடர்கள்தான் அதன் இலக்கு. 1990இல் ஃபாக்ஸ் இதை வியாழன் இரவு எட்டு மணிக்கு, அத்தகைய தொடரான ‘காஸ்பி ஷோ’வுக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தது, அந்த அக்டோபரில் பார்ட் தேர்வில் தோற்கும் பகுதியை 3 கோடியே 36 லட்சம் பேர் பார்த்தார்கள். 1992 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மூத்த புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்சன்ஸ் போல இல்லாமல் வால்ட்டன்ஸ் போல இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினார். வால்ட்டன்ஸ் என்பது 1930களின் பொருளாதார மந்தத்தில் வாழும் ஏழைக் குடும்பத்தைப் பற்றிய பழைய தொடர். சில நாட்களிலேயே, மறு ஒளிபரப்பு ஒன்றின் தொடக்கத்தில் ஒரு துணுக்கைச் சேர்த்தார்கள்: நாங்களும் வால்ட்டன்ஸ் போலத்தான், மந்தம் தீரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்றான் பார்ட். நாட்டின் தலைவர் ஒரு கேலிச்சித்திரத்தோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கு அதன் எதிரி உயிரோடு இருந்த காலம் அது.

அந்த எதிரி இன்று இல்லை. குடும்பம் முழுதும் ஒரே பெட்டியின் முன் உட்காரும் வழக்கமும் போய்விட்டது. கேலி செய்யப்பட்டது அழிந்தபின் கேலி மட்டும் நிற்கிறது.

இதோடு மாந்தர்களுக்கு வயதாகாத சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991இல் வந்த பகுதியின்படி ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளி மாணவர்களாகச் சந்தித்தார்கள். 2008இல் வந்த பகுதி அவர்களை 1990களின் இளஞ்சோடியாக்கிவிட்டது. நாற்பதை எட்டாத இன்றைய ஹோமர் 1980களின் பிற்பாதியில் பிறந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு மட்டும் படித்த ஒருவன், தொழிற்சங்கம் உள்ள ஆலையில் ஒற்றைச் சம்பளம் வாங்கி, இரண்டு மாடி வீடும் இரண்டு காரும் மூன்று பிள்ளைகளுமாக இருப்பது 1990இல் கீழ் நடுத்தர வாழ்க்கை. இன்றைய அமெரிக்காவில் அது பெருஞ்செல்வரின் வாழ்க்கை. தாத்தா ஏப் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர். நூறு வயதைத் தாண்டிய பின்னும் முதியோர் இல்லத்தில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலூன்ற நிலம் இல்லாத மாந்தர்களிடம் விலை கேட்டால் எங்கிருந்து கொடுப்பார்கள்?

தேவகோட்டை ரஸ்தா:

ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது, தேதிதான் உதைக்கிறது. 2000ஆம் ஆண்டில், தொடர் தொடங்கிப் பத்தே ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்போது ஹோமரின் வீடும் சம்பளமும் ஏறத்தாழ பொருந்தித்தான் வந்தன. அண்ணன் சொல்லும் சரிவு நடந்ததோ அந்தப் பத்தாண்டுக்குள். நிலம் நழுவுமுன்பே ஆள் விழுந்துவிட்டால் நிலத்தைக் குற்றம் சொல்ல முடியாதே.

பள்ளத்தூர் உமையாள்:

ரஸ்தா என் பக்கம் இல்லை என்று தெரிந்தாலும் இந்த ஒரு கேள்விக்காக நன்றி.

ஐயா, நீங்கள் சுட்டிய சிக்கலைத் தொடரே எடுத்துப் பேசியிருக்கிறது. 2022 மே மாதம் வந்த முப்பத்து மூன்றாவது சீசனின் கடைசிப் பகுதி அது. பார்ட் அப்பாவின் வேலையைப் பார்த்து மயங்கி, தானும் இதேபோல் ஒரு வேலையில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஆலையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர், நடிகர் ஹியூ ஜாக்மனின் குரலில், உன் அப்பாவுக்குக் கிடைத்த வாழ்க்கை உனக்கு ஏன் கிடைக்காது என்பதை நீண்ட பாட்டாகவே பாடி விளக்குகிறார்: போருக்குப் பிந்தைய வளம் எப்படி வந்தது, தொழிற்சங்கங்கள் எப்படி நலிந்தன, கல்வியும் வீடும் எப்படி எட்டாத விலைக்குப் போயின என்று. ஒற்றைச் சம்பள வீடு பொய்யாகிவிட்டதை மறைக்காமல், அந்தப் பொய்யையே பொருளாக்கிக்கொண்ட எழுத்து அது. 1993 மார்ச்சில் வந்த பல் மருத்துவத் திட்டப் பகுதியில், ஒரு பீப்பாய் பீருக்காகத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுக்க இருந்த உரிமையை மகளின் பல் கம்பிக்காக ஹோமர் போராடித் தக்கவைக்கிறான் அல்லவா? அதற்கு நேர் வாரிசு இது. இடையில் 29 ஆண்டுகள் கடந்ததால்தான் இதை எழுதவே முடிந்தது.

2022இல் வந்த இன்னொன்றையும் சொல்கிறேன். ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் உடுதுணிகூட இல்லாமல் சிக்கிக்கொள்கிறார்கள். துணைப் பாத்திரங்களின் கூட்டம் இல்லை, விருந்தினர் வரிசை இல்லை. பிள்ளைகளால் ஒட்டிக்கொண்டிருக்கும் சலித்துப்போன தம்பதியர், பசியும் குளிரும் சூழும்போது ஒருவரையொருவர் மறுபடியும் தெரிந்துகொள்கிறார்கள். அண்ணன் கேட்ட ஈரம் அதில் சொட்டுகிறது.

கானாடுகாத்தான் முகப்பு:

இதுவரை பேசாத இரண்டைச் சேர்க்கிறேன், குரலும் பணமும்.

1998 மே மாதம் ஃபில் ஹார்ட்மன் கொலையுண்டார். அவர் குரல் கொடுத்த ட்ராய் மெக்ளூர், வழக்கறிஞர் லயனல் ஹட்ஸ் ஆகிய இரு பாத்திரங்களையும் வேறு எவருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். பண்பான முடிவுதான், ஆனால் தொடரின் மிகக் கூர்மையான இரண்டு கத்திகள் ஒரே நாளில் உறைக்குள் போயின. மோட் இறந்தது கதைத் தேவையால் அன்று. அவளுக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் டென்வரிலிருந்து விமானத்தில் வந்துபோகும் செலவுக்காக ஊதிய உயர்வு கேட்டார், நிறுவனம் மறுத்தது, அவர் விலகினார், பாத்திரம் கொல்லப்பட்டது. செக்காலையார் ஹோமரின் ஈரத்தைத் தேடும் இடத்தில் ஒரு கணக்குப்பிள்ளையின் பேரேடுதான் இருக்கிறது. முதன்மைக் குரல் கலைஞர் ஆறு பேரின் ஊதியம் 1998இல் ஒரு பகுதிக்கு 30,000 டாலரிலிருந்து 1,25,000 டாலருக்கு உயர்ந்தது, பத்தாண்டில் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் ஆனது, 2011இல் தொடரை நிறுத்துவோம் என்ற மிரட்டலின் பேரில் குறைக்கப்பட்டது. 1990 முதல் வாராவாரம் முழு இசைக்குழுவோடு பின்னணி அமைத்த ஆல்ஃப் கிளாசனை 2017இல் வெளியே அனுப்பினார்கள். 2019இல் ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்கிய டிஸ்னிக்கு, முடிவடையாத ஒரு தொடரின் முழுத் தொகுப்பு ஒரு பெருஞ்சொத்து. நம்மூர்ப் பெரிய வீடுகளில் எழுபது புள்ளிக்கு, அதாவது எழுபது குடும்பத்துக்கு, பங்கு இருப்பதால் விற்கவும் முடியாமல், ஓடு மாற்றவும் ஒருமித்துக் கை வராமல், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கலியாணத்துக்கும் மட்டும் திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிறோமே, அப்படி ஒரு நிலையில் இத்தொடர் இருக்கிறது. மூடுவதற்கு அதிகாரம் உள்ள ஒருவர் இல்லை என்பதால் திறந்திருக்கிறது.

அப்பு பற்றியும் ஒரு சொல். ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர் இந்திய உச்சரிப்பைப் பாவனை செய்து குரல் கொடுத்த கடைக்காரர் பாத்திரம் இது. 2017இல் ஹரி கொண்டபோலு அதைக் கேள்விக்கு உட்படுத்தி ஆவணப்படம் எடுத்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஹோமரின் மகள் லிசா படுக்கையருகே இருக்கும் அப்புவின் படத்தைப் பார்த்து, முன்பு கொண்டாடப்பட்டது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்வது என்று தோளைக் குலுக்கிக்கொண்டாள். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார், அப்பு பெரும்பாலும் பேச்சற்ற உருவமானார். கடல் கடந்து கடை விரித்த ஊர்க்காரர்கள் நாம். பர்மாவில் வட்டிக்கடைச் செட்டியார் என்றாலே கேலிக்கும் வெறுப்புக்கும் உரிய உருவமாக்கப்பட்ட காலத்தை நம் ஐயாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் அந்தக் கண்டனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1996 மே மாதம், குடியேறியவர்களை வெளியேற்ற ஊரே வாக்கெடுப்புக்குப் போகும் பகுதியில், குடியுரிமைத் தேர்வுக்கு அமெரிக்க வரலாற்றை அமெரிக்கர்களைவிட நன்றாகப் படித்துவந்து நின்ற அப்புவும் அதே அப்புதான். அவரை நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நன்றாக எழுதுவதற்குப் பதிலாக வாயை மூடிவைத்தார்கள். தரம் குறைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பள்ளத்தூர் உமையாள்:

அப்பு பற்றி முகப்பு சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்தத் தோள் குலுக்கல் தொடரின் மிகக் கோழையான நிமிடம்.

பெரிய வீட்டு உவமையைத்தான் ஏற்க மாட்டேன். உங்கள் கானாடுகாத்தானிலேயே இரண்டு தெரு நடந்து பாருங்கள்: சில வீடுகள் விடுதிகளாகி, ஆத்தங்குடிக் கல் பளபளக்க, அடுப்படியில் தினமும் புகை எழுகிறது. பங்காளிகள் ஒத்துவராத வீடு ஒன்றை வைத்து ஊரையே மதிப்பிடக் கூடாது.

மேலும், விலை கொடுத்தலின் எதிர்ப்பக்கமாக ஒன்றை நினைவூட்டுகிறேன். 1995 அக்டோபரில் லிசா சைவ உணவுக்கு மாறினாள். அதில் தோன்ற பால் மெக்கார்ட்னி விதித்த நிபந்தனையே, அவள் நிலையாகச் சைவமாக இருக்க வேண்டும் என்பதுதான். எல்லாவற்றையும் அடுத்த வாரம் அழித்துவிடும் தொடர் அந்த வாக்கை மட்டும் 30 ஆண்டுகளாகக் காத்துவருகிறது. ஸ்கல்லி, ஜீன், செல்மன் எல்லாரும் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோட்டையூர் ஐயா:

ரஸ்தாவின் தேதிக் கணக்குக்கு விடை கடன்பட்டிருக்கிறேன். 2000இல் வீடும் சம்பளமும் பொருந்தின என்பது உண்மை. ஆனால் எதிரி அதற்குள் போய்விட்டான். ‘காஸ்பி ஷோ’ 1992இல் முடிந்தது. 1990களின் பிற்பாதியில் சிம்சன்ஸின் குத்தலைக் கற்றுக்கொண்ட தொடர்களே சுற்றிலும் நின்றன: 1997இல் ‘சவுத் பார்க்’, 1999இல் ‘ஃபேமிலி கை’. அடங்காப் பிள்ளையாக இருந்தவன் திரும்பிப் பார்த்தபோது தன்னைவிட அடங்காதவர்கள் நிற்கிறார்கள். அவர்களோடு போட்டியிட முரட்டுத்தனத்தைக் கூட்டினான். ஹோமர் கொடூரனானதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். நிலம் நழுவியது பின்னால் வந்த இரண்டாவது அடி.

செக்காலைக்காரன்:

ஐயா சொன்ன போட்டிக் காரணத்தை நான் ஏற்கிறேன். அது என் கூற்றை வலுப்படுத்துகிறது. விதியை யார் மீறினார்கள் என்று நான் சொன்னேன், ஏன் மீறினார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

முகப்பு தரும் ஊதியக் கணக்கு எனக்குப் போதவில்லை. மேகி ராஸ்வெல் விலகியதால் ஒரு பாத்திரத்தை நீக்க வேண்டியிருந்தது என்பது நிறுவனத்தின் கைவண்ணம். அந்தச் சாவில் ஹோமர் என்ன உணர்ந்தான் என்று எழுதாமல் விட்டது எழுத்தாளர்களின் கைவண்ணம். 1991 ஏப்ரலில் தற்காலிக ஆசிரியர் ஊரைவிட்டுப் போகும்போது லிசாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார், அதில் ‘நீ லிசா சிம்சன்’ என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தாளை எழுத அதிகச் செலவு ஆகியிருக்காது.

உமையாள் ஆச்சி கேட்டதற்கு: பனிக்காட்டுப் பகுதியைப் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள், வரைகலையும் ஒளியும் பழைய பகுதிகளால் எட்ட முடியாதவை. ஆனால் அந்தத் தம்பதியர் ஹோமரும் மார்ஜுமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்குத் தெரியவில்லை. வேறு எந்த நடுவயதுச் சோடியை அங்கே விட்டாலும் கதை நடக்கும். பல் மருத்துவத் திட்டப் பகுதியை அப்படி மாற்ற முடியாது.

பிறகு 2024 செப்டம்பரில் வந்த முப்பத்தாறாவது சீசனின் முதல் பகுதி. கோனன் ஓ’பிரையன் மேடையேறி, இதுவே இறுதிப் பகுதி என்று அறிவிக்கிறார், இறுதிப் பகுதிகளுக்கே உரிய சூத்திரங்கள் எல்லாம் வரிசையாக அரங்கேறுகின்றன, தனக்கு மட்டும் எதுவோ தப்பாகத் தெரிகிறது என்று பார்ட் மிரள்கிறான், முடிவை ஏற்க மறுக்கிறான். புத்திசாலித்தனத்தில் குறையே இல்லை. ஆனால் தன்னால் முடிவடைய இயலாது என்பதையே ஒரு தொடர் நகைச்சுவையாக்குகிறது என்றால், இனி எவருக்கும் எதுவும் நேராது என்று நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று பொருள்.

என் அளவுகோலைக் கடைசியாகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதியைப் பார்த்து முடித்தபின், இதில் இழக்கப்பட்டது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். உங்கள் காலத்திலிருந்து மூன்று தாருங்கள்.

பள்ளத்தூர் உமையாள்:

துப்புரவுப் பணியாளரின் பாட்டு: அப்பாவின் வாழ்க்கை தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை பார்ட் இழக்கிறான்.

2015 டிசம்பரில் வந்த, பார்ட் ஆறு வயதிலிருந்து இளைஞனாகும் வரை தொடரும் பகுதி: தங்கையின் அறிவொளியில் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் நிழலாகக் கழித்துவிடுகிறான், அந்த ஆண்டுகள் திரும்புவதில்லை.

பனிக்காடு: தங்கள் மணவாழ்வில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தம்பதியர் சொல்லிக்கொண்டிருந்த பொய் போகிறது.

தேவகோட்டை ரஸ்தா:

அதே அளவுகோலை மோனோரயில் மேல் வைத்துக் காட்டுங்கள் அண்ணன். ஹோமர் அதில் இழந்தது என்ன?

செக்காலைக்காரன்:

ஆச்சியின் முதல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவதற்கு மேலே விடை சொல்லிவிட்டேன். 2001க்குப் பின் வந்த ஐந்நூற்றுச் சொச்சப் பகுதிகளில் இரண்டு.

மோனோரயிலில் ஹோமர் எதையும் இழக்கவில்லை, தம்பி; நான் ‘இழக்கப்பட்டது என்ன’ என்றுதான் கேட்டேன். பர்ன்ஸ் அபராதமாகக் கட்டிய 30 லட்சம் டாலர் ஊருக்கு வந்தது. குழி விழுந்த பெரிய தெருவைச் சீரமைக்கலாம் என்று மார்ஜ் எழுந்து சொன்னாள். ஊர் அவளைக் கேட்காமல் மோனோரயில் வாங்கியது. அந்தப் பணமும், இன்னும் மூடப்படாத அந்தக் குழிகளும் என் கணக்கில் சேரும்.